அடுத்து எந்த பியர்? வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கு ஆறு வகைகளின் ஒப்பீடு

முதல் இரண்டு மூன்று தடவை கிட்டில் (எல்லாம் அளந்து போட்ட பெட்டி) வந்ததை அப்படியே காய்ச்சியாயிற்று. குடிக்கும்படியாகவும் வந்துவிட்டது. இப்போது மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) விற்கிற கடைக்குப் போனால் ரெசிபிகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன, எதைத் தொடுவது என்று தெரியவில்லை. இந்த இடத்தில் பெரும்பாலோர் "எனக்கு எந்த பியர் பிடிக்கும்?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். பப்பில் உட்கார்ந்திருந்தால் அது சரியான கேள்வி. வீட்டில் காய்ச்சும்போது அது நாலாவது கேள்வி. முதல் கேள்வி, ஃபெர்மென்டர் (பியர் நொதிக்கிற வாளி) நிற்கப்போகிற மூலையில் எத்தனை டிகிரி என்பதுதான்.

இட்லி மாவு கரைத்த கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னையில் ராத்திரி கரைத்து வைத்தால் விடியும்முன் பாத்திரத்தை விட்டு வழிகிற அதே மாவு, டொராண்டோவில் ஜனவரி மாதம் ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்தால்தான் அசைகிறது. மாவுக்குச் சூடு போதாவிட்டால் நேரம்தான் ஆகும். பியரில் சூடு தப்பினால் ருசியே வேறாகிவிடும். பில்ஸ்னர் காய்ச்சப் போய் நெயில் பாலிஷ் வாசனையில் 20 லிட்டர் கிடைக்கும்.

சட்டத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை. அமெரிக்க மத்தியச் சட்டம் பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் என்கிறது. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் காய்ச்சலாம், வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை. எங்கேயும் விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி வீட்டில் காய்ச்சுவதே குற்றம். சிங்கப்பூர்க்காரர்கள் அந்த 30 லிட்டரைக் கவனியுங்கள்: 20 லிட்டராகக் காய்ச்சினால் மாதத்துக்கு ஒன்றுதான். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு மாதம் போச்சு.

கீழே சொல்கிற அளவெல்லாம் ஃபெர்மென்டரில் 20 லிட்டர், பாட்டிலில் 18 லிட்டர் என்ற கணக்கில். துணிப்பையில் மால்ட்டைப் போட்டு ஒரே பானையில் மாஷ் செய்கிற (வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்குகிற) முறை, தொடக்கத் தண்ணீர் 28 லிட்டர் சுமார், மால்ட்டிலிருந்து 70 சதவீதம் சர்க்கரை இறங்குகிறது என்று வைத்துக்கொண்டவை.

## எதை வைத்து முடிவு செய்வது

சூடு. காற்றின் சூட்டை நம்பாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை அந்த மூலையில் மூன்று நாள் வைத்து, காலையும் இரவும் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். ஈஸ்ட் முழு வேகத்தில் வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்பும். 20 லிட்டரில் அது சுற்றுச்சூட்டைவிட மூன்று நான்கு டிகிரி கூட. வாளியில் 20 காட்டினால் பியர் 23, 24-இல் நொதிக்கும். குளிர்காலத்து டொராண்டோ பேஸ்மென்ட் 15 முதல் 18 வரை இருக்கும், ஏ.சி. போடாத சிங்கப்பூர் வீடு 28 முதல் 31 வரை. இந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே ரெசிபியைச் சொல்வது பித்தலாட்டம்.

குறைக்க வழி உண்டு. அகலமான தொட்டியில் தண்ணீர் விட்டு ஃபெர்மென்டரை நிறுத்தி, பழைய பனியனை நனைத்து மாட்டி, மின்விசிறியைத் திருப்பிவிட்டால் மூன்று முதல் ஐந்து டிகிரி இறங்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. ஈரப்பதம் மிகுந்த ஊரில் இது பாதிதான் பலிக்கும். அங்கே ஐஸாக்கிய இரண்டு லிட்டர் பாட்டில்களைத் தொட்டியில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று மாற்ற வேண்டும். முதல் நான்கு நாள்தான் முக்கியம், ருசி அப்போதே தீர்மானமாகிவிடுகிறது.

தண்ணீர். லண்டனில் கெட்டிலைத் திறந்தால் அடியில் வெள்ளைப் படிவு ஒட்டியிருக்கும். அது கார்பனேட். கறுத்த பியருக்கு அது நண்பன், வெளுத்த பியருக்கு எதிரி. வறுத்த தானியம் மாஷின் அமிலத்தைக் கூட்டும், கார்பனேட் அதை ஈடுகட்டி, அமில அளவுகோலான பிஹெச்-ஐ 5.2 முதல் 5.5-க்குள் நிறுத்தும். வெளுத்த மால்ட்டில் ஈடுகட்ட அமிலம் இல்லாததால் பிஹெச் ஏறி, கசப்பு துவர்ப்பாகிவிடும். இன்னொன்று, டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் குளோரமைன் கலக்கிறார்கள். கொதிக்க வைத்தாலும் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாலும் அது எளிதில் போகாது. 28 லிட்டருக்கு அரை கேம்டன் (சல்ஃபைட்) மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் தீர்ந்தது. போடாவிட்டால் பியரில் பிளாஸ்திரி வாசனை வரும், அதை எந்த வித்தையாலும் எடுக்க முடியாது.

பாட்டிலா, கெக்கா (காஸ் அழுத்தத்தில் பியரை வைக்கிற உலோகப் பீப்பாய்). ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தருகிற பூ) வாசனையை நம்பி நிற்கிற பியர்கள் காற்றுப் பட்டால் சாகும். பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சமாவது காற்றுப் பட்டே தீரும்.

நாள் கணக்கும் மறைசெலவும். மால்ட் விலையில் ஆறு வகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹாப்ஸ், இரண்டாவது ஈஸ்ட் பாக்கெட், ஃபிரிட்ஜ் எத்தனை வாரம் அடைபட்டுக் கிடக்கிறது, கனமான பாட்டில்: பணம் இந்த இடங்களில்தான் கசிகிறது.

| வகை | நொதிக்கும்போது பியரின் சூடு | காய்ச்சியதிலிருந்து குடிக்க | தண்ணீர் | பாட்டிலுக்கு | மறைசெலவு |
|---|---|---|---|---|---|
| ட்ரை ஸ்டவுட் | 18–20 | 4 வாரம் | கடினத் தண்ணீர் நல்லது | நன்றாகத் தாங்கும் | ஏறக்குறைய இல்லை |
| பவேரிய கோதுமை பியர் | 17–22 | 3–4 வாரம் | எதுவும் சரி | கனமான பாட்டில் வேண்டும் | பாட்டில் |
| செய்சான் | 22–30 | 5–6 வாரம் | எதுவும் சரி | கனமான பாட்டில் வேண்டும் | தனிக் குழாய், பொறுமை |
| பேல் ஏல் | 18–20. க்வெய்க் ஈஸ்ட் என்றால் 30–40 | 3–4 வாரம் | மென்மை அல்லது திருத்தியது | இரண்டு மாதம் வரை | ஹாப்ஸ் கொஞ்சம் |
| பில்ஸ்னர் | 10–12 | 8–10 வாரம் | மென்மைதான் | தாங்கும் | ஃபிரிட்ஜ், இரண்டு பாக்கெட் ஈஸ்ட் |
| ஹேஸி ஐபிஏ | 19–21 | 3 வாரம் | மென்மை, உப்பு சேர்த்தது | தாங்காது | ஹாப்ஸ், கெக், சிலிண்டர் |

## ட்ரை ஸ்டவுட்: பிழை பொறுக்கும் பியர்

லண்டன்காரர்கள் இதற்கு மேல் படிக்காமலே காய்ச்சப் போகலாம். உங்கள் குழாயில் வருவது ஸ்டவுட்டுக்கென்றே அளந்த தண்ணீர் மாதிரி.

பேல் மால்ட் 2.8 கிலோ, பார்லி அவல் 800 கிராம், வறுத்த பார்லி 400 கிராம். 66 டிகிரியில் ஒரு மணி நேரம் மாஷ். கொதி தொடங்கியதும் ஈஸ்ட் (East) கென்ட் கோல்டிங்ஸ் என்ற ஹாப்ஸ் 60 கிராம், அதற்குப் பிறகு ஹாப்ஸே கிடையாது. தொடக்க அடர்த்தி (சர்க்கரை கரைந்த நீரின் கனம், வெறும் தண்ணீர் 1.000) 1.042, முடிவு 1.010 பக்கம், ஆல்கஹால் நாலே கால் சதவீதத்துக்குள். எஸ்-04 ஈஸ்ட் ஒரு பாக்கெட். பத்து நாளில் அடங்கி, அடியில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பாட்டிலில் காஸ் ஏற 18 லிட்டருக்கும் சேர்த்து 80 கிராம் சர்க்கரை போதும்.

தப்பு நடப்பது மென்மையான தண்ணீர் உள்ள ஊரில். வறுத்த பார்லி பிஹெச்-ஐ 5.2-க்குக் கீழே இழுத்துவிட்டால், காபி ருசி வர வேண்டிய இடத்தில் சாம்பலும் புளிப்பும் வரும். இரண்டு வழி. வறுத்த பார்லியை மட்டும் தனியாக வைத்திருந்து மாஷின் கடைசி 15 நிமிடத்தில் சேர்ப்பது ஒன்று, சமையல் சோடா 2 கிராமைத் தண்ணீரில் கரைப்பது மற்றொன்று. முதல் வழியே மேல். சோடா ஒரு சிட்டிகை கூடினால் உப்புக் கரிக்கும்.

பப்பில் கிளாஸுக்குள் அருவி மாதிரி இறங்குகிற அந்த வழவழ நுரையை எதிர்பார்க்காதீர்கள். அது நைட்ரஜன் வாயுவும் அதற்கென்று உள்ள குழாயும் செய்கிற வேலை, பாட்டிலில் வராது. பார்லி அவல் கொஞ்சம் அடர்த்தி தரும், அவ்வளவுதான்.

நிறம் எல்லாவற்றையும் மறைக்கும், வறுத்த ருசி சின்னச் சின்னக் குறைகளை மூடும், காற்று கொஞ்சம் பட்டாலும் சமாளிக்கும். மூன்றாவதோ நாலாவதோ காய்ச்சுபவருக்கு, வாளி 18 டிகிரிக்குக் கீழே காட்டினால், இதைவிட நல்ல தேர்வு இல்லை. 28 டிகிரி வீட்டில் மட்டும் வேண்டாம். எஸ்-04 சூட்டில் பழ வாசனையைக் கொட்டும், கூடவே கனத்த ஆல்கஹால்களையும்.

## பவேரிய கோதுமை பியர்: வாழைப்பழமும் கிராம்பும்

இந்த பியரில் வாழைப்பழம் போடுவதில்லை, கிராம்பும் போடுவதில்லை. இரண்டும் ஈஸ்ட் உண்டாக்குகிற வாசனை. எது தூக்கலாக வர வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஒரே மாவைப் பிசைந்து இரண்டு பலகாரம் சுடுவது மாதிரி என்பதால், ஈஸ்ட்டைப் புரிந்துகொள்ள ஆசைப்படுகிறவருக்கு இதற்கு ஈடு கிடையாது.

கோதுமை மால்ட் 2.5 கிலோ, பில்ஸ்னர் மால்ட் 2 கிலோ, ஹாலர்டாவ் ஹாப்ஸ் 25 கிராம் ஒரு மணி நேரக் கொதியில். அடர்த்தி 1.048. ஈஸ்ட், மியூனிக் கிளாசிக் 11 கிராம் ஒரே பாக்கெட்.

கிராம்பு வேண்டுமானால் மாஷை 44 டிகிரியில் 15 நிமிடம் நிறுத்துங்கள். மால்ட்டிலிருந்து ஃபெரூலிக் அமிலம் பிரியும், ஈஸ்ட் அதைத்தான் கிராம்பு வாசனையாக மாற்றுகிறது. பிறகு பானையை மெல்லக் கிளறிக்கொண்டே 66-க்கு ஏற்றி, நொதிக்கும்போது 17, 18-இல் வைத்திருங்கள். கிளறாமல் ஏற்றினால் துணிப்பை அடியில் பிடித்துக் கருகும், அந்தக் கருகல் கடைசி கிளாஸ் வரை கூட வரும். வாழைப்பழம் வேண்டுமானால் 44-ஐ விட்டுவிடுங்கள், நேராக 66-இல் தொடங்குங்கள், நொதிப்பை 21, 22-இல் விடுங்கள். 24-ஐத் தாண்டினால் வாழைப்பழம் போய் பபிள்கம் வந்துவிடும்.

குளோரமைனை நீக்க மறந்தவர்கள் இந்த பியரில் வசமாக ஏமாறுவார்கள். மருந்து வாசனையைக் கிராம்பு என்று நினைத்து, "நல்லாத்தான் வந்திருக்கு" என்று இரண்டு வாரம் ஓட்டுவார்கள்.

கோதுமைக்கு உமி இல்லை. துணிப்பையில் மாஷ் செய்தால் கவலையில்லை, பையைத் தூக்கிப் பிழிந்துவிடலாம். அடியில் சல்லடை வைத்த மாஷ் பானை என்றால் களி மாதிரி இறுகி வடியாமல் நின்றுவிடும். அதற்குத்தான் மால்ட் கடையில் நெல் உமி விற்கிறார்கள். 200 கிராமைக் கழுவிக் கலந்தால் ஓட்டம் நிற்காது. ஊரில் மாட்டுக்கும் அடுப்புக்கும் போன சாமானைப் பாக்கெட் போட்டு விற்கிறார்களே என்று நொந்துகொள்ளலாம், ஆனால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

நொதிக்கும்போது நுரை அடங்காமல் ஏறும். 25 லிட்டர் வாளியில் 20 லிட்டர் நிரப்பி ஏர்லாக் (காஸை வெளியே மட்டும் விடுகிற சின்னக் குழாய்) மட்டும் வைத்தால், மறுநாள் காலை சுவரெல்லாம் ஈஸ்ட். ஏர்லாக்கைக் கழற்றிவிட்டுத் தடித்த குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையை ஒரு ஜாடித் தண்ணீரில் மூழ்கவிடுங்கள்.

மறைசெலவு பாட்டில். இதற்குக் காஸ் அதிகம் வேண்டும், 160 கிராம் சர்க்கரை போட வேண்டியிருக்கும். மெலிந்த 330 மில்லி பாட்டில்கள் அந்த அழுத்தத்துக்கு ஆனவை அல்ல. ஜெர்மன் கோதுமை பியர் வந்த கனமான அரை லிட்டர் காலி பாட்டில்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவும் இல்லை. வைத்துக் குடிக்கிற பியர் அல்ல இது, இரண்டு மாதத்துக்குள் வாசனை மங்கிவிடும். வீட்டில் விசேஷம் வருகிறது, ஒரே நாளில் 36 பாட்டிலும் தீர்ந்துவிடும் என்றால் இதைக் காய்ச்சுங்கள்.

## செய்சான்: சூட்டுக்குப் பிறந்தது, ஆனால் விஷமக்காரன்

பெல்ஜியத்தின் வாலோனியா பகுதிப் பண்ணை பியர். மற்ற ஈஸ்ட்கள் கெட்டுப்போகிற 27, 28 டிகிரியில் இது மிளகும் ஆரஞ்சுத் தோலும் மணக்க, துளி இனிப்பு மிச்சமில்லாமல் நொதிக்கும். சிங்கப்பூர் வீட்டில் ஐஸ் பாட்டில் மாற்றுவதை முதல் இரண்டு நாளோடு நிறுத்திவிடலாம் என்பதே பெரிய நிம்மதி.

பில்ஸ்னர் மால்ட் 4 கிலோ, கோதுமை மால்ட் 500 கிராம், கொதி முடிய பத்து நிமிடம் இருக்கும்போது சர்க்கரை 300 கிராம். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டாலும் நொதிக்கும், ஆனால் அதன் புகைவாசம் ஈஸ்ட்டின் மிளகை அமுக்கிவிடும். மேக்னம் ஹாப்ஸ் 18 கிராம் ஒரு மணி நேரம். மாஷ் 64 டிகிரி. அடர்த்தி 1.053-இல் தொடங்கி 1.004-க்குக் கீழே கூடப் போகும், ஆல்கஹால் ஆறரை சதவீதம் பக்கம். பெல் செய்சான் ஈஸ்ட்டை 22 டிகிரியில் போட்டு, மூன்றாம் நாளிலிருந்து தன் போக்கில் 28 வரை ஏற விடுங்கள். டுபான்ட் (பெல்ஜிய பியர் ஆலை) வகைத் திரவ ஈஸ்ட் வாங்கினால், 1.030 பக்கத்தில் வந்து வாரக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. செத்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலில் அடைத்தீர்களோ, தொலைந்தது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அடைத்த பிறகு அடர்த்தி 0.001 இறங்கினால், பியருக்குள் அதன் கொள்ளளவில் பாதி அளவு கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது. 1.008-இல் அடைத்து அது 1.004-க்குப் போனால் இரண்டு மடங்குக் கொள்ளளவு வாயு கூடுதல். நீங்கள் போட்ட சர்க்கரையின் வாயு அதற்கும் மேல். கண்ணாடி வெடிப்பது அப்படித்தான். எனவே பியர் அடங்கியது போலத் தெரிந்த பிறகு ஒரு வாரத்தில் மூன்று தடவை ஹைட்ரோமீட்டரால் அடர்த்தி பாருங்கள், மூன்றும் ஒன்றே காட்ட வேண்டும். பிறகுதான் 150 கிராம் சர்க்கரையும் கனமான பாட்டிலும்.

பெல் செய்சான் போன்றவை டயாஸ்டாடிகஸ் வகை ஈஸ்ட். மற்ற ஈஸ்ட் தொட முடியாத மாவுச்சர்க்கரையையும் வெட்டித் தின்னும். பிளாஸ்டிக் வாளியின் கீறலிலும் குழாய்க்குள்ளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், அடுத்து காய்ச்சுகிற ஸ்டவுட்டை பாட்டிலுக்குள் வைத்துத் தின்னத் தொடங்கும். குழாய், தட்டு, பாட்டில் நிரப்பும் குச்சி மூன்றையும் செய்சானுக்கென்று தனியாக வைத்துக்கொள்வது நல்லது. பெரிய காசில்லை, ஆனால் யாரும் ரெசிபியில் எழுதுவதில்லை.

## பேல் ஏல்: ஒரே ரெசிபி, இரண்டு ஈஸ்ட்

பேல் மால்ட் 4.5 கிலோ, கிறிஸ்டல் மால்ட் 250 கிராம், மேக்னம் 15 கிராம் ஒரு மணி நேரம், காஸ்கேட் ஹாப்ஸ் 30 கிராம் கடைசி பத்து நிமிடம், இன்னொரு 30 ஐந்து நிமிடம் இருக்கும்போது, நொதித்து அடங்கியதும் 50 கிராம் மூன்று நாளுக்கு. அடர்த்தி 1.049 பக்கம். பாட்டிலுக்கு 105 கிராம் சர்க்கரை. தண்ணீர் மென்மையாக இருந்தால் ஜிப்சம் 5 கிராம், கால்சியம் குளோரைடு 2 கிராம். லண்டன் தண்ணீரென்றால் முந்தின நாள் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, ராத்திரி தெளியவைத்து, அடியில் படிந்த சுண்ணாம்பை விட்டு மேலாக இறுத்துக்கொள்ளுங்கள்.

18 முதல் 20 டிகிரி முடிந்தவர்களுக்கு யூஎஸ்-05 ஈஸ்ட். இதில் சொல்ல அதிகம் இல்லை. சுத்தமாக நொதிக்கும், மெதுவாகத் தெளியும்.

சூட்டு வீட்டுக்காரர்களுக்கு வாஸ் க்வெய்க். நார்வேயின் மேற்கில், வாஸ் பகுதிப் பண்ணைவீடுகளில் நம் உறைமோர் மாதிரி தலைமுறையாகக் கைமாறி வந்த ஈஸ்ட் இது. மர வளையங்களில் ஒட்டவைத்துக் காயப்போட்டு அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைப்பார்கள். 35 முதல் 40 டிகிரியில் மூன்று நான்கு நாளில் வேலையை முடித்துவிடும், கனத்த ஆல்கஹால் வாசனை வராது, ஆரஞ்சு மணம் வரும். காஸ்கேட்டின் சாத்துக்குடி வாசனையோடு அது ஒட்டிப்போகும். 30 டிகிரி வீட்டில் ஃபெர்மென்டரைப் போர்வையால் சுற்றி வைத்தால் தானே 34, 35-க்கு ஏறும். பயப்பட்டு ஐஸ் வைக்காதீர்கள், குளிர்ந்தால் இது சோம்பிவிடும். இதற்குச் சத்து அதிகம் வேண்டும். 1.050-க்குக் கீழே உள்ள வோர்ட்டில் (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு) ஈஸ்ட் நியூட்ரியன்ட்டைக் கொதியின் கடைசி பத்து நிமிடத்தில் சேர்க்காவிட்டால் பச்சை ஆப்பிள் வாசனையோடு பாதியில் நின்றுவிடக்கூடும்.

எது மேல்? ஹாப்ஸ் மட்டும் பேச வேண்டுமானால் யூஎஸ்-05. குளிர்விக்க வழியே இல்லை, அல்லது பத்து நாளில் பாட்டிலில் அடைத்தாக வேண்டும் என்றால் க்வெய்க். 25 டிகிரி வீட்டில் யூஎஸ்-05-ஐப் போட்டு, உற்பத்தியாளர் 26 வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறாரே என்று சமாதானம் சொல்லிக்கொள்வதுதான் மோசமான தேர்வு. ஈஸ்ட் தாங்கும், ருசி தாங்காது. அதோடு வீடு 25 என்றால் பியர் 28.

## பில்ஸ்னர்: ஃபிரிட்ஜ் இருக்கிறதா?

இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

1842-இல் பில்சன் நகரில் யோசெஃப் க்ரோல் முதன்முதலில் காய்ச்சிய இந்தப் பொன்னிற பியரின் ரெசிபி சின்னஞ்சிறியது: பில்ஸ்னர் மால்ட் 4.6 கிலோ, மேக்னம் 15 கிராம் ஒரு மணி நேரம், சாட்ஸ் ஹாப்ஸ் 30 கிராம் அரை மணி நேரம், 30 கிராம் பத்து நிமிடம். மறைந்துகொள்ள இடமே இல்லாத பியர் என்பதுதான் சிரமம். கொதியை 90 நிமிடம் திறந்த பானையில் வைக்க வேண்டும். மூடி போட்டால் வெந்த மக்காச்சோள வாசனை வெளியேறாமல் பியரிலேயே தங்கும். தண்ணீர் மென்மையாக இருக்க வேண்டும். லண்டன்காரர்கள் ஆர்.ஓ. தண்ணீர் வாங்கி, 28 லிட்டருக்குக் கால்சியம் குளோரைடு 3 முதல் 4 கிராம் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

டபிள்யூ-34/70 ஈஸ்ட் இரண்டு பாக்கெட். ஒன்றோடு சமாளிக்கப் பார்த்தால் குளிரில் கிளம்பவே மூன்று நாள் எடுக்கும், அதற்குள் வேறு கிருமி கிளம்பிவிடும். 11 டிகிரியில் ஏழெட்டு நாள். அடர்த்தி 1.020 பக்கம் வந்ததும் 17-க்கு ஏற்றி மூன்று நாள். வெண்ணெய் வாசனையை ஈஸ்ட்டே திரும்பத் தின்று முடிப்பதற்கு அந்த மூன்று நாள். முடிந்ததா என்று பார்க்க எளிய சோதனை: இரண்டு மூடிய கிளாஸில் கொஞ்சம் பியர், ஒன்றை 65 டிகிரித் தண்ணீரில் 20 நிமிடம் நிறுத்தி, பிறகு இரண்டையும் ஆறவைத்து முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை வந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். பிறகு 1, 2 டிகிரியில் நான்கு முதல் ஆறு வாரம்.

பழைய ஃபிரிட்ஜும் சூடு கட்டுப்படுத்தும் கருவியும் வாங்குவது கண்ணுக்குத் தெரிந்த செலவு. அந்த ஃபிரிட்ஜ் ஆறேழு வாரத்துக்கு வேறு எதற்கும் ஆகாது என்பது தெரியாத செலவு. அந்த இடைவெளியில் இரண்டு பேல் ஏல் குடித்து முடித்திருக்கலாம். டொராண்டோ பேஸ்மென்ட்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி: 34/70-ஐ 15, 16 டிகிரியிலேயே நொதிக்கவிட்டால் பில்ஸ்னர் என்று சொல்லும்படியாகவே வரும். குளிரவைக்கக் கதவருகே கராஜ் இருக்கிறது, பியர் உறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். சூட்டு நாட்டில் இருந்துகொண்டு இதற்கு அலைபவர்கள் கடையில் வாங்கிக் குடிப்பதே லாபம்.

## ஹேஸி ஐபிஏ: ஆசைப்படுகிறவர் நிறைய

கெக் இல்லாதவர்கள் ஹாப்ஸ் தூக்கலான இந்தக் கலங்கல் பியரைக் காய்ச்சக் கூடாது என்பதே எங்கள் கருத்து. காரணம் ருசியல்ல, காற்று. ஓட்ஸும் கோதுமையும் 300 கிராம் ஹாப்ஸும் சேர்ந்த இந்த பியரைப் பாட்டிலில் அடைத்தால், மாம்பழச்சாறு நிறத்தில் போனது இரண்டு வாரத்தில் பழுப்பேறி, ஈர அட்டைப்பெட்டி ருசியோடு திரும்பி வரும். செலவழித்த ஹாப்ஸ் அத்தனையும் பாழ்.

கெக் இருந்தால் வேறு கதை. பேல் மால்ட் 4.5 கிலோ, கோதுமை மால்ட் 700 கிராம், ஓட்ஸ் 800 கிராம், அடர்த்தி 1.063. மென்மையான தண்ணீரில் கால்சியம் குளோரைடு 6 கிராம், ஜிப்சம் 3 கிராம். கொதியில் ஹாப்ஸ் மிகக் குறைவு. வோர்ட் 80 டிகிரிக்கு ஆறியதும் 100 கிராம், நொதித்து அடங்கியபின் 200 கிராம் இரண்டு நாளுக்கு மட்டும். ஹாப்ஸில் உள்ள என்ஸைம்கள் மிச்சச் சர்க்கரையை உடைத்து நொதிப்பை மறுபடி கிளப்பும், கூடவே வெண்ணெய் வாசனையும் வரும். அது அடங்கும்வரை குளிர்விக்காதீர்கள். ஹாப்ஸ் உறிஞ்சி வைத்துக்கொள்வதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் பியர் காணாமல் போகும். கெக்கைக் கார்பன் டை ஆக்சைடால் நிரப்பிக் காலிசெய்து, மூடி திறக்காமல் குழாய் வழியே மாற்ற வேண்டும். மூடியைத் திறந்து ஊற்றுவதானால் பாட்டிலே பரவாயில்லை.

## ஒன்றுக்கு அடுத்து ஒன்று

எதைக் காய்ச்சினாலும் அதன் அடி ஈஸ்ட் அடுத்ததற்கு விதை. அதனால் ஒரு பியரைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்கு அடுத்ததும் பாதி முடிவாகிவிடுகிறது. பேல் ஏலைப் பாட்டிலில் அடைத்த அன்றே புது வோர்ட் தயாராக இருந்தால், அடியில் தங்கிய வண்டலில் 200 மில்லியைச் சுத்தமான ஜாடியில் எடுத்து அப்படியே ஸ்டவுட்டுக்கு ஊற்றலாம், ஈஸ்ட் வாங்க வேண்டியதில்லை. ஜாடியை ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம், மூடியை இறுக்காமல். நிறம் குறைந்ததிலிருந்து கூடியதற்கும், ஹாப்ஸ் குறைந்ததிலிருந்து கூடியதற்கும், அடர்த்தி குறைந்ததிலிருந்து கூடியதற்கும் போவதுதான் வழக்கம். ஸ்டவுட் வண்டலை பேல் ஏலில் ஊற்றினால் நிறம் மங்கி அழுக்குத்தண்ணீர் மாதிரி தெரியும்.

கோதுமை பியரின் வண்டலைக் கோதுமை பியருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டவுட்டில் கிராம்பை யாரும் கேட்கவில்லை. பில்ஸ்னரின் வண்டல்தான் உண்மையான புதையல். இரண்டு பாக்கெட் போட்டு வளர்த்த படை அது, அடுத்த லேகருக்கு (பில்ஸ்னர் போலக் குளிரில் நொதிக்கிற பியர்) ஈஸ்ட் செலவு மிச்சம். செய்சானைப் பட்டியலின் கடைசியில், வாளி கீறி மாற்ற வேண்டிய நிலைக்கு வந்த பிறகு காய்ச்சுங்கள். அடைத்து முடித்ததும் அந்த வாளியை மாவு ஊறவைக்கவோ செடிக்கு மண் நிரப்பவோ கொடுத்துவிடலாம்.